நீர் புகுந்த செல்போனின் சரித்திரம்

சென்னையிலிருந்து திருச்சிக்குச் செல்லும் பெருவழியும் சேலத்துக்குப் பிரியும் சாலையும் கூடுமிடத்தில் அமைந்திருப்பதால், பிரயாணிகளின் வாயில் அன்றாடம் அடிபடும் பெயராகிய உளுந்தூர்பேட்டைக்குச் சரித்திர நூல்களில் அதிக இடம் கிடைத்ததில்லை. அருகிலுள்ள திருநாவலூர் சுந்தரமூர்த்தி நாயனாரின் அவதாரத் தலம் என்று பிரசித்தி பெற்றுவிட்டமையால், பழமையை நாடி வருவோர் அங்கே போய்விடுகிறார்களேயன்றி இந்த ஊர்க் கடைத்தெருவில் நிற்பதில்லை. நான் எழுதப் புகுவதோ கடைத்தெருவின் சங்கதிதான். அதிலும், நீர் புகுந்து செத்துப்போன செல்போனுக்குக் குறைந்த செலவில் மாற்று தேடும் வழக்கம் இத்தகைய தாலுகா ஊர்களில் எப்படி வேரூன்றிற்று என்பதைப் பற்றியது.

இந்தியாவில் முதல் செல்போன் உரையாடல் 1995 ஜூலை 31 அன்று நடந்தது. கல்கத்தாவிலிருந்து ஜோதி பாசு பேச, டில்லியில் மத்திய அமைச்சர் சுக்ராம் கேட்டார். சென்னையில் ஸ்கைசெல், ஆர்.பி.ஜி. செல்லுலார் என்ற இரு கம்பெனிகள் சேவையைத் தொடங்கின. அழைப்பவர், அழைக்கப்படுபவர் ஆகிய இருவருமே நிமிடத்துக்கு 16 ரூபாய் வரை கொடுக்க வேண்டியிருந்த அந்நாளில், மஞ்சள் பலகை மாட்டிய எஸ்.டி.டி. பூத்தே போதுமென்றிருந்த சிற்றூர்களில், கருவி நனைந்தால் என்ன செய்வது என்ற விசாரம் எழ நியாயமில்லை.

2003-இல் நிலைமை தலைகீழாயிற்று. மே மாதம் முதல் உள்வரும் அழைப்புகளுக்குக் கட்டணம் ஒழிந்தது. ஜூலையில் ரிலையன்ஸ் 501 ரூபாய் முன்பணத்துக்குப் போனைக் கையில் கொடுத்தது. அவ்வாண்டிலேயே நோக்கியா 1100 வெளிவந்தது. உலகெங்கும் 25 கோடிக்கு மேல் விற்ற அந்தக் கருவியின் விசேஷம், தூசும் வியர்வையும் எளிதில் புகாதபடி ஒரே ரப்பர்த் தகடாக அமைந்த அதன் விசைப்பலகையும், இரவில் வயலுக்குத் தண்ணீர் கட்டப் போகிறவனுக்கு உதவிய டார்ச் விளக்குமே. பம்பு செட்டுத் தொட்டியில் விழுந்தாலும் கட்டை விரலால் மூடியைத் தள்ளிப் பாட்டரியைக் கழற்றிவிடலாம் என்ற சௌகரியம் இருந்ததே, அதுதான் பழுதுபார்க்கும் தொழிலுக்கே அஸ்திவாரம் என்பது என் அபிப்பிராயம்.

நீர் செல்போனைக் கொல்வதில்லை. நீரில் கரைந்துள்ள உப்பும் பாட்டரியின் மின்சாரமும் கூடித்தான் கொல்கின்றன. மின்சாரம் பாயும்போது போர்டிலுள்ள செம்பு அரிக்கப்பட்டு, ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பை வைத்தாற்போலப் பச்சைக் களிம்பு ஏறுகிறது. பாத்திரத்துக்கு ஈயம் பூச ஊர் ஊராக வந்தவர்கள் மறைந்துபோன பிறகு, கடிகாரமும் டிரான்சிஸ்டரும் பழுதுபார்த்துப் பழகியவர்களும், அவர்களிடம் தொழில் கற்ற இளைஞர்களும் செல்போன் கடைகளில் உட்கார்ந்து, பூதக்கண்ணாடியின் கீழ் அந்தக் களிம்பை ஸ்பிரிட்டும் பிரஷும் கொண்டு துடைத்து, விட்டுப்போன இடத்தில் ஈயம் வைத்தார்கள். உதிரிகளுக்குச் சென்னையின் ரிட்சி தெருவும் பர்மா பஜாரும் மூலஸ்தானங்களாயின. பர்மாவிலிருந்து திரும்பிய அகதிகளுக்காக 1969-இல் ஏற்பட்ட அந்த பஜார், வெளிநாட்டுச் சாமானின் மோகத்தைத் தமிழனுக்குப் பழக்கியது என்றால் மிகையாகாது.

நனைந்த போனை அரிசிப் பானையில் புதைக்கும் சம்பிரதாயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அரிசி உள்ளிருக்கும் ஈரத்தை இழுப்பதில்லை. அதன் மாவுத்தூள் துவாரங்களில் அடைத்துக்கொள்வதே மிச்சம். 2024-இல் ஆப்பிள் கம்பெனியே இதைச் செய்யாதீர் என்று எச்சரித்தது. பாட்டியின் பெயரால் வழங்கும் வைத்தியங்கள் எல்லாம் பாட்டிக்குத் தெரிந்தவையல்ல.

இடையே மலிவுக்கு வேறொரு வாசலும் திறந்தது. இரண்டு சிம், பெருத்த ஒலிபெருக்கி ஆகிய கவர்ச்சிகளுடன் வந்த சீன போன்கள் நனைந்தால் தூக்கி எறிந்துவிட்டு இன்னொன்று வாங்கும் விலையில் கிடைத்தன. பலவற்றில் ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியே உரிய அடையாளமாகிய ஐ.எம்.இ.ஐ. எண்ணே இல்லாமையால், அத்தகையவற்றின் இணைப்பை 2009 டிசம்பர் முதல் துண்டிக்குமாறு அரசு உத்தரவிட்டது. ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா ஆலையோ 2014 நவம்பரில் மூடப்பட்டது.

பழுதுபார்க்கும் தொழிலை உண்மையில் முடமாக்கியது பசை. 2014-இல் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்5 நீருக்கு ஈடுகொடுத்துக்கொண்டே பாட்டரியைக் கழற்றவும் இடம் தந்தது. மறு வருஷத்து எஸ்6 அந்த வசதியைப் பறித்துக் கண்ணாடியை ஒட்டி மூடிவிட்டது. இரண்டும் ஒருங்கே சாத்தியம் என்பதற்கு முன்னது சாட்சியாக இருக்க, ஒட்டி மூடுவதுதான் விஞ்ஞானத்தின் கட்டளை என்று சொல்வது எனக்கு ஒப்புவதாக இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2027 பிப்ரவரி முதல் பாட்டரியை உபயோகிப்பவரே கழற்றக்கூடியதாக இருக்கவேண்டுமென்று, சில விலக்குகளோடு, சட்டம் செய்திருக்கிறது. இங்கே நிலை வேறு: ஹீட்டரில் சூடாக்கிப் பிளந்து, போர்டு வேலை முடித்து, உடைந்த டிஸ்ப்ளேயையும் மாற்றுவதற்குள் செலவு போனின் விலையை எட்டிப்பார்க்கும். ஆகவே செத்த போனை உதிரிகளுக்காகக் கடையிலேயே தள்ளிவிட்டு, அந்தத் தொகையைக் கழித்துக்கொண்டு, பழைய போன் ஒன்றையோ, சிம்மை மாட்டிப் பேசினால் போதுமென்று ஒரு பட்டன் போனையோ வாங்கிச் செல்வது வழக்கமாயிற்று.

2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்து நகராமல் நின்று பொழிந்தபோது, மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. சாத்தனூர் அணை திறக்கப்பட்டுத் தென்பெண்ணை கரைபுரண்டது. விழுப்புரத்துக்கும் உளுந்தூர்பேட்டைக்கும் இடையே அரசூரில் வெள்ளம் பெருவழியையே மறித்தது. அரசு நிவாரணம் அரிசிக்கும் வீட்டுக்கும் கால்நடைக்கும் கணக்கிடப்படுகிறது. கூலி வேலைக்கு அழைப்பு வருவதும், வங்கியின் ஓ.டி.பி. வருவதும், பிள்ளையின் பள்ளிச் செய்தி வருவதும் வெள்ளத்தில் நனையும் செல்போன் என்ற அந்த ஒரு கருவியில்தான் என்பதை அக்கணக்கு இன்னும் அறியவில்லை.

பழைய போன் வாங்குவோர், *#06# அழுத்தினால் திரையில் தோன்றும் ஐ.எம்.இ.ஐ. எண்ணைப் பில்லில் உள்ளதோடு ஒப்பிட்டுக்கொள்க. கே.ஒய்.எம். என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை அடுத்து இடைவெளி விட்டு அந்த எண்ணை இட்டு 14422-க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், அது முடக்கப்பட்டதா இல்லையா என்று அரசே தெரிவிக்கும். பில் இல்லாத போன் எவ்வளவு மலிவானாலும் வாங்க வேண்டாம்.