திண்டுக்கல் நகரமும் சுற்றுவட்டார கிராமங்களும்: யார் யாரை நம்பி இருக்கிறார்கள்?

திண்டுக்கல்னாலே பலருக்கும் பூட்டும் பிரியாணியும்தான் ஞாபகம் வரும். ஆனால் இந்த ஊர் குடிக்கும் தண்ணீர், விற்கும் பூ, சமைக்கும் காய்கறி எல்லாம் சுற்றியிருக்கும் கிராமங்களில் இருந்துதான் வருகின்றன. பதிலுக்கு நகரம் கிராமங்களுக்கு என்ன தருகிறது?

பத்தில் ஒருவர்தான் நகரத்தில்

மதுரையிலிருந்து பிரிந்து 1985 செப்டம்பர் 15-ல் திண்டுக்கல் தனி மாவட்டமானது. 1866-ல் உருவான நகராட்சி, 2014-ல் மாநகராட்சியாகத் தரம் உயர்ந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாவட்டத்தில் சுமார் 21.6 லட்சம் பேர். அதில் திண்டுக்கல் நகரில் இருந்தவர்கள் சுமார் 2.07 லட்சம் பேர்தான்.

பூவும் காய்கறியும்

நிலக்கோட்டை பக்கம் மல்லிகையை மொட்டாக இருக்கும்போதே பறித்தாக வேண்டும். மலர்ந்துவிட்டால் விலை போகாது. அதனால் சந்தையும் சாலையும் பக்கத்தில் இருப்பது பூ விவசாயிக்கு உயிர்நாடி. முகூர்த்த நாளில் விலை ஏறும், வரத்து அதிகமானால் சரியும். அப்போது மிஞ்சும் பூவை சென்ட் ஆலைகள் வாங்கிக்கொள்கின்றன.

காய்கறி கதை வேறு. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் இருந்து லாரிகள் பெருமளவு கேரளாவுக்குப் போகின்றன. ஓணம் நெருங்கினால் அங்கே வியாபாரம் சூடுபிடிக்கும். அதாவது, விவசாயி எல்லாவற்றுக்கும் மாவட்டத் தலைநகரைத்தான் நம்பியிருக்கிறார் என்று சொல்ல முடியாது. சின்ன ஊரில் இருக்கும் ஒரு நல்ல சந்தையே அவரை வெளிமாநிலத்தோடு இணைத்துவிடுகிறது.

வேலைக்குப் போகும் பாதை

2019-ல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டு, நகரத்துக்குள் மட்டும் செய்யப்படுவதில்லை. நல்லாம்பட்டி போன்ற பக்கத்து ஊர்களிலும் பட்டறைகள் உண்டு. சின்னாளபட்டிக்கு சுங்குடி சேலை, வேடசந்தூர் பக்கம் நூற்பாலைகள். மழை பொய்த்த வருஷங்களில் கிராமத்துக் குடும்பங்களுக்குக் கைகொடுப்பது இந்த மாதிரி வேலைகள்தான்.

சிக்கல் எங்கே?

தண்ணீரில்தான். திண்டுக்கல் நகருக்குக் குடிநீர் தரும் முக்கிய ஆதாரங்களில் ஒன்று ஆத்தூர் காமராஜர் அணை. இன்னொரு பக்கம், குடகனாற்றில் தங்கள் பங்கு தண்ணீர் வரவில்லை என்று வேடசந்தூர் பகுதி விவசாயிகள் போராடியிருக்கிறார்கள்.

அடுத்து, கழிவு. நகரைச் சுற்றியுள்ள தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீரால் பக்கத்து கிராமங்களில் நிலத்தடி நீர் உப்பாகிப் போனது. ஆலை வேலையும் ஏற்றுமதி வருமானமும் ஒரு பக்கம், கிணறு கெட்டுப்போன விவசாயி இன்னொரு பக்கம். லாபம் ஒரு இடத்தில், நஷ்டம் வேறு இடத்தில் என்றால் அதை வளர்ச்சி என்று எப்படிச் சொல்வது?

சட்டம் என்ன சொல்கிறது?

இதற்கு அரசியல் சாசனத்திலேயே வழி இருக்கிறது. 1993 ஜூன் 1-ல் அமலுக்கு வந்த 74-வது திருத்தத்தின் 243 இசட்டி பிரிவு, மாவட்டத் திட்டக் குழு அமைக்கச் சொல்கிறது. ஊராட்சிகளும் நகராட்சி, மாநகராட்சிகளும் போடும் திட்டங்களைச் சேர்த்து மாவட்டத்துக்கே ஒரு வரைவுத் திட்டம் தயாரிப்பதுதான் இதன் வேலை.

குழுவில் ஐந்தில் நான்கு பங்கு உறுப்பினர்கள், மாவட்ட ஊராட்சி மற்றும் நகர்ப்புற உள்ளாட்சிகளின் மக்கள் பிரதிநிதிகளிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். கிராமம், நகரம் இரண்டின் மக்கள்தொகை விகிதப்படியே இடம் பிரிக்கப்படும். தண்ணீரைப் பகிர்வது, கட்டமைப்பு வசதிகளைச் சேர்த்து வளர்ப்பது, சுற்றுச்சூழல் பாதுகாப்பு ஆகியவற்றையும் குழு கணக்கில் எடுக்க வேண்டும்.

அணைத் தண்ணீரும் ஆலைக் கழிவும் மாநகராட்சி எல்லைப் பலகையைப் பார்த்து நின்றுவிடுவதில்லை. அதனால் புதிய குடிநீர்த் திட்டமோ தொழிற்பேட்டையோ வரும்போது, 'நகரத்துக்கு என்ன கிடைக்கும்?' என்பதோடு, 'தண்ணீர் எந்த ஊரில் இருந்து வருகிறது, கழிவு எந்த ஊருக்குப் போகிறது?' என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.