டாரட்டா, லெனார்மண்டா? கார்டு பார்க்கும் முன் இதைப் படிங்க!

'அவன் திரும்பி வருவானா?'ன்னு கேட்கத்தான் கார்டு ரீடரிடம் போறீங்களா? முதல்ல அவர் கையில் இருப்பது எந்தக் கட்டுன்னு பாருங்க.

டாரட்டில் 78 கார்டுகள். 15-ம் நூற்றாண்டு இத்தாலியில் சீட்டாட்டமாகப் பிறந்தது. ஒவ்வொரு படமும் ஒரு மனநிலையைப் பேசும். 'மரணம்' கார்டு வந்தா பதறாதீங்க. ஒன்று முடிந்து அடுத்தது தொடங்குதுன்னுதான் அதைப் படிப்பாங்க.

லெனார்மண்டில் 36 கார்டுகள். இதுவும் ஜெர்மனியில் ஒரு விளையாட்டாக வந்ததுதான். பிரெஞ்சு ஜோசியக்காரர் மேரி ஆன் லெனார்மண்ட் 1843-ல் இறந்த பிறகே அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. இதில் கார்டுகளைச் சேர்த்துப் படிக்கணும். கப்பல் பக்கத்தில் கடிதம் வந்தா, வெளியூர்த் தகவல்.

நல்ல ரீடர் உங்க கேள்வியையே மாற்றுவார்: 'இந்த உறவில் எனக்கு என்ன வேணும்?' நோய்னா டாக்டரிடம் அனுப்புவார். 'தோஷம் இருக்கு, இன்னும் பணம் கட்டுங்க'ன்னு சொன்னா, எழுந்து வந்துடுங்க!