பலூனில் ஏறிய டாம் சாயர்

1891-ல் ஹார்ட்ஃபோர்டு வீட்டைப் பூட்டிவிட்டு மார்க் ட்வைன் குடும்பத்தோடு ஐரோப்பாவுக்குக் கப்பலேறினார். அமெரிக்காவில் செலவு கட்டுப்படியாகவில்லை. ஜேம்ஸ் பெய்ஜ் செய்துகொண்டிருந்த அச்சுக்கோக்கும் இயந்திரம் அவர் சம்பாத்தியத்தையும் மனைவி ஒலிவியாவின் சொத்தையும் விழுங்கிக்கொண்டிருந்தது. சொந்தப் பதிப்பகமான வெப்ஸ்டர் கம்பெனியும் கடனில் மூழ்கிவந்தது. மறு ஆண்டு, ஜெர்மனியின் பாட் நவ்ஹைம் ஊரில் தங்கியிருந்தபோது, விற்கும் என்று நிச்சயமாகத் தெரிந்த டாம், ஹக் என்ற இரண்டு பையன்களை மறுபடி கூப்பிட்டார். ‘டாம் சாயர் அப்ராட்’ சில வாரங்களில் தயாராகிவிட்டது. ‘ஹக்கிள்பெர்ரி ஃபின்’ நாவலை 1876-ல் தொடங்கி, கிடப்பில் போட்டு, மீண்டும் எடுத்து, ஏழு ஆண்டுகள் எழுதியவர் அவர்.

டாம், ஹக், ஜிம் மூவரும் ஒரு பித்துப்பிடித்த பேராசிரியரின் பலூனில் மாட்டிக்கொள்கிறார்கள். அவர் அட்லாண்டிக்கில் விழுந்துவிட, பலூன் சஹாராவுக்கும் எகிப்துக்கும் போகிறது. பலூன் எனக்குக் குறையாகப் படவில்லை. ஜிம்முக்கு நேர்ந்ததுதான் பொறுக்கவில்லை. ‘ஹக்கிள்பெர்ரி ஃபின்’ நாவலில், அடிமையாக இருந்த அந்த மனிதரை எஜமானியிடம் காட்டிக்கொடுப்பதைவிட நரகத்துக்கே போகலாம் என்று மிசிசிப்பியின் தெப்பத்தில் முடிவெடுத்தவன் ஹக். அமெரிக்க இலக்கியத்தில் அதற்கு இணையான இடங்கள் மிகக் குறைவு. அதே ஜிம் இங்கே டாமின் வாதங்களுக்கு முன் விழித்து நிற்கிறார். ஸ்பிங்ஸின் தலைமேல் நிறுத்திவைக்கப்படுகிறார். முந்தைய நாவலின் கடைசி அத்தியாயங்களிலேயே தொடங்கிய சரிவு இது. இங்கே புத்தகம் முழுக்கப் பரவிவிட்டது.

ஓரிடம் மட்டும் பழைய ட்வைனுடையது. பாலைவனத்தில் ஒரு வணிகக் கூட்டத்தின் மேலேயே இவர்கள் நாள்கணக்கில் பறக்கிறார்கள். ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனாலும் கீழே நடக்கும் கல்யாணத்துக்கு இவர்களும் மகிழ்கிறார்கள், சாவுக்கு வருந்துகிறார்கள். பிறகு மணற்புயல் வந்து அத்தனை பேரையும் மூடிவிடுகிறது. அந்தத் துக்கத்தை ஹக் சொல்லும் பக்கங்களுக்காகவே இந்தப் புத்தகத்தை வைத்திருக்கிறேன்.

முடிவோ ஒன்றுமில்லை. டாமின் புகைக்குழாய் உடைகிறது. வேறொன்று எடுத்துவர ஜிம் பலூனில் ஊருக்குப் போகிறார். எல்லோரும் திரும்பி வரவேண்டும் என்று டாமின் பாலி அத்தை சொல்லியனுப்புகிறார். கதை அங்கேயே நின்றுவிடுகிறது.

மேரி மேப்ஸ் டாட்ஜ் நடத்திய ‘செயின்ட் நிக்கோலஸ்’ சிறுவர் இதழில் 1893 நவம்பர் முதல் தொடராக வந்து, 1894-ல் புத்தகமானது. அந்த ஏப்ரலிலேயே வெப்ஸ்டர் கம்பெனி திவாலானது. கடனடைக்க ட்வைன் மேடையேறிப் பேசியபடி உலகைச் சுற்றினார். 1896 ஜனவரியில் கொழும்பு வழியாகப் பம்பாய் வந்ததும் அந்தப் பயணத்தில்தான். 1898-க்குள் கடன் முழுவதும் அடைந்தது. இடையில் 1896-ல் ‘டாம் சாயர், டிடெக்டிவ்’ வெளிவந்தது. அந்தக் கதையில் ஹக்கின் தோழர் ஜிம்முக்கு இடமே இல்லை.