அகச்சிவப்பு உணரிகளும் ஆய்வு மாணவர்களும்

1800இல் வில்லியம் ஹெர்ஷல் சூரிய ஒளியை முப்பட்டகத்தால் பிரித்து, சிவப்புக்கு அப்பால், கண்ணுக்கு ஒன்றும் தெரியாத இடத்தில் வெப்பமானியை வைத்தார். பாதரசம் ஏறியது. அகச்சிவப்புக் கதிர் இருப்பது அன்றே தெரிந்துவிட்டாலும், அதைக் கொண்டு வானத்தை முறையாக ஆராய ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது. தொலைநோக்கி, காற்று, உணரி எல்லாமே அறை வெப்பத்தில் அகச்சிவப்பை உமிழ்கின்றன. பட்டப்பகலில் விண்மீனைத் தேடுவது போன்ற வேலை இது. உணரியைத் திரவ நைட்ரஜனிலோ ஹீலியத்திலோ குளிர்வித்தால்தான் விண்மீனின் குறிகை தேறும்.

வழி பிறந்தது போர்க்களத்தில். இரண்டாம் உலகப்போரில் வளர்ந்த காரீய சல்பைடு உணரியை ஜெரார்ட் கைப்பர் 1940களின் பிற்பகுதியில் வானியலுக்குக் கொண்டுவந்தார். 1961இல் ஃபிராங்க் லோ ஹீலியத்தில் குளிர்வித்த ஜெர்மானியம் போலோமீட்டரை (கதிர் தரும் சூட்டை அளக்கும் உணரியை) உருவாக்கினார்.

கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகமான கால்டெக்கில் ராபர்ட் லைட்டனும் கெர்ரி நியூகெபாவரும் தங்கள் தொலைநோக்கியின் 62 அங்குல ஆடியைக் கண்ணாடியில் செய்யவில்லை. எப்பாக்சி பிசினைச் சுழலவிட்டு, அது தானே குழிந்து இறுக வைத்தார்கள். மலிவான அந்த ஆடியும் காரீய சல்பைடு உணரிகளும் மவுண்ட் வில்சனில் வானத்தைத் துழாவ, 1969இல் 5,600க்கும் மேற்பட்ட அகச்சிவப்பு மூலங்களின் பட்டியல் வெளியானது. லைட்டன் ஃபெய்ன்மன் இயற்பியல் விரிவுரைகளை நூலாக்கியவர்களில் ஒருவர்; கற்பித்தலையும் கருவி கட்டுவதையும் அவர் பிரித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

அங்கே முனைவர் பட்ட மாணவராக இருந்த எரிக் பெக்லின் 1966இல் பால்வெளியின் மையத்தை 2.2 மைக்ரான் அலைநீளத்தில் கண்டார். இடையிலுள்ள தூசி, கட்புலன் ஒளியில் லட்சம் கோடியில் ஒரு பங்கையே விடுகிறது. இந்த அலைநீளத்தில் பத்தில் ஒரு பங்கு தப்பி வருகிறது. அவரிடம் இருந்தது ஒற்றை உணரி. வானத்தைப் புள்ளி புள்ளியாக அளந்துதான் வரைபடம் உருவானது.

அந்தச் சிரமத்தைப் போக்கியவை பல உணரிகளை வரிசையாக அடுக்கிய அணிகள். கார்னெலில் முனைவர் பட்டம் பெற்று 1971இல் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரான ஜூடித் பைபர், வில்லியம் ஃபாரஸ்டுடன் சேர்ந்து 1983இல் 32×32 இண்டியம் ஆண்டிமனைடு அணியைச் சோதித்தார். 2003இல் ஏவப்பட்ட ஸ்பிட்சர் விண்வெளித் தொலைநோக்கியில் அதன் வாரிசான 256×256 அணி பறந்தது.

ஒளியே படாதபோதும் கசியும் மின்னோட்டம், வாசிப்பு இரைச்சல், முந்தைய படத்தின் மிச்சம் ஆகியவற்றை அளப்பது இத்தகைய அணிகளைச் சோதிக்கும் ஆய்வகங்களில் முனைவர் பட்ட மாணவர்களின் வேலை. புதிய விண்மீன் எதையும் காட்டாத ஆய்வேடு வானியல் ஆகுமா என்று கேட்பது வீண். அந்த அளவீடுகள் இல்லாமல் எந்தப் படத்தையும் நம்ப முடியாது. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் அண்மை அகச்சிவப்புக் கருவிகளில் இன்று இயங்கும் ஒவ்வொரு பாதரச காட்மியம் டெலூரைடு அணியும் 2048×2048 அளவுடையது: ஏறத்தாழ 42 லட்சம் படப்புள்ளிகள்.