வேட்கை

‘வேள்’ என்றால் விரும்பு. கேள், கேட்கை ஆவதுபோல வேள், வேட்கை ஆயிற்று. நீர்வேட்கை என்றால் தாகம். பதவியை விரும்பி நிற்பவர் வேட்பாளர். தொல்காப்பியம் களவொழுக்கத்தின் நிலைகளை அடுக்கும்போது முதலில் வைப்பது வேட்கையைத்தான். வேட்கையோடு அவாவும் சேர்ந்தால் வேணவா. அதற்கும் அங்கே ஒரு புணர்ச்சி விதி உண்டு.

காமத்தில் இந்த வேட்கை குறைவதைச் சொல்லத்தான் நம்மிடம் சொல் இல்லை. எல்லாவற்றையும் ‘ஆண்மைக் குறைவு’ என்ற ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம். விறைப்புக் கோளாறு வேறு, மலட்டுத்தன்மை வேறு, விருப்பமே எழாமை வேறு. மூன்றையும் குழப்பும் விளம்பரங்களால் லாட்ஜ் வைத்தியர்கள் பிழைக்கிறார்கள். ‘ஆண்மைக் குறைவு’ என்ற பெயரில் பெண்ணுக்கு இடமே இல்லை. பிள்ளை பெற்றுப் பாலூட்டும் மாதங்களிலும் மாதவிடாய் நிற்கும் வயதிலும் வேட்கை தணிவது வெகு சாதாரணம்.

‘வேட்கைக் குறைவு’ என்றே சொல்லலாம். மனச்சோர்வு, அதற்குத் தரப்படும் சில மாத்திரைகள், தைராய்டு குறைபாடு, சர்க்கரை நோய், டெஸ்டோஸ்டிரோன் குறைவு, மது, தூக்கமின்மை, வீட்டில் தீராத சண்டை எனக் காரணங்கள் பல. குறைந்தாலே நோய் என்றில்லை. 2013-இல் வெளிவந்த அமெரிக்க மனநல மருத்துவக் கையேடு, ஏறத்தாழ 6 மாதம் நீடித்து, அந்த நபருக்கே அது வேதனையும் தந்தால்தான் கோளாறு என்கிறது. அப்படியானால் மருத்துவரிடம் போங்கள். மாத்திரைமீது சந்தேகம் வந்தாலும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்; அளவையோ மருந்தையோ மாற்ற வழியுண்டு.