இன்ஜின் இல்லாமல் ஒரு ரேஸ்! சோப்பாக்ஸ் பந்தயம்னா என்ன?

இன்ஜின் கிடையாது, பெட்ரோலும் கிடையாது. வீட்டிலேயே செய்த வண்டியை மேட்டிலிருந்து விட்டால், புவியீர்ப்பு விசையே இறக்கத்தில் இழுத்துக்கொண்டு போகும். இதுதான் சோப்பாக்ஸ் பந்தயம்.

1933-ல் அமெரிக்காவின் டேட்டன் நகரில் சிறுவர்கள் இப்படி ஓட்டுவதைப் பார்த்த பத்திரிகை புகைப்படக்காரர் மைரன் ஸ்காட், இதைப் போட்டியாக்கினார். தேசியப் போட்டி 1935 முதல் அக்ரன் நகருக்கு மாறியது.

எல்லோருக்கும் ஒரே சரிவு. அப்போ ஜெயிப்பது யார்? சக்கரங்களை நேராகப் பொருத்தி, உராய்வையும் காற்றுத் தடையையும் குறைத்த டீம்தான்.

1973-ல் வென்ற காரின் மூக்குப் பகுதியில் மின்காந்தம் இருந்தது. தொடக்கக் கோட்டின் இரும்புத் தடுப்பு முன்பக்கம் சாயும்போது, காரையும் சேர்த்து இழுத்தது. பட்டம் பறிக்கப்பட்டது.

நீங்க செய்து பார்க்கணுமா? முதலில் பிரேக்கைச் சோதியுங்க. ஹெல்மெட் கட்டாயம். போக்குவரத்து உள்ள ரோடு வேண்டவே வேண்டாம்.