மரத்துக்குக் கொடுத்த பதினைந்து நாள்



மரத்தின் அருமையை உங்களுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கிணற்றடி வேம்பை வெட்டுவதென்றால் வீட்டில் நாலு பேர் கூடிப் பேசித்தான் முடிவு செய்வோம். பட்டணத்தில் ஒரு மரத்துக்காக யார் கூடிப் பேசுவார்கள்? அதற்காகத்தான் சில ஊர்களில் சட்டம் போட்டார்கள். அப்படி ஒரு சட்டம் பிறந்த கதையும், அது பட்ட பாடும்தான் இன்றைய பேச்சு. நடந்த இடம் மும்பை.

மும்பைக்குப் பம்பாய் என்று பேர் இருந்த காலம். 1975ஆம் வருஷம் மகாராஷ்டிர அரசு நகரப் பகுதி மரங்களைக் காப்பதற்கென்று ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஒவ்வொரு மாநகராட்சியிலும் மர ஆணையம் என்று ஒரு குழு இருக்கவேண்டும். அதன் அனுமதி இல்லாமல் மரத்தை வெட்டக்கூடாது. மரம் சொந்த மனையிலேயே நின்றாலும் அதே விதிதான். வெட்டுவது என்றால் கோடரி போடுவது மட்டும் இல்லீங்க. தீ வைத்தாலும், வேறு எந்த வகையில் சேதப்படுத்தினாலும் அதுவும் வெட்டுவதாகத்தான் கணக்கு. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மரங்களைக் கணக்கெடுக்கவும் வேண்டும். மும்பையில் அப்படி எடுத்த ஒரு கணக்கில் ஏறக்குறைய 30 லட்சம் மரங்கள் வந்தன.

இந்தச் சட்டத்தில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, ஒரு மரத்தை வெட்ட யாராவது மனுப் போட்டால், உள்ளூர்ப் பத்திரிகையில் அறிவிப்புக் கொடுக்கவேண்டும். அந்த மரத்தின் மேலேயே, கண்ணில் படுகிற மாதிரி நோட்டீசும் ஒட்டவேண்டும். போகிறவர் வருகிறவர் பார்த்து ஆட்சேபணை சொல்லலாம். இரண்டாவது, அனுமதி கொடுத்தாலும் உடனே வெட்டிவிட முடியாது. பதினைந்து நாள் கழிய வேண்டும்.

ஏன் அந்தப் பதினைந்து நாள்? நிலத் தகராறில் தீர்ப்புத் தப்பாகிவிட்டால் மேல் கோர்ட்டுக்குப் போய் நிலத்தைத் திரும்ப வாங்கலாம். பணத்தைத் திரும்பக் கட்டச் சொல்லலாம். வெட்டிய மரத்தை எந்தக் கோர்ட்டும் நட்டுத் தர முடியாது. ஆகவே கேட்கவேண்டியதை வெட்டுக்கு முன்னாலேயே கேட்டுவிட அவகாசம் வேண்டும். இந்தச் சட்டத்தின் உயிர் அந்த அவகாசத்தில்தான் இருக்கிறது.

அந்த அவகாசத்துக்குச் சோதனை வந்த இடம் ஆரே. பால் மாடு வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பேர் தெரிந்திருக்கலாம். பம்பாய் நகரத்துக்குள் நெருக்கடியான கொட்டில்களில் கட்டிக் கிடந்த எருமைகளை வெளியே கொண்டுபோய், நல்ல பால் கறந்து நகரத்துக்கு அனுப்ப 1949இல் தொடங்கியது ஆரே பால் காலனி. 1951இல் பிரதமர் நேரு அதைத் திறந்துவைத்தார். மூவாயிரம் ஏக்கருக்கு மேல் நிலம். மாட்டுக் கொட்டில்களும் புல் நிலமும் போக, மற்ற இடத்தில் மரம் மண்டி வளர்ந்தது. வார்லி பழங்குடி மக்களின் குடியிருப்புகளும் அங்கே உண்டு. நகரம் சுற்றிலும் நெருக்கிக்கொண்டு வர, ஆரே மட்டும் பச்சையாக நின்றது.

பிறகு மெட்ரோ ரயில் வந்தது. மூன்றாவது வழித்தடம், முப்பத்து மூன்று கிலோமீட்டருக்கு மேல், பூமிக்கு அடியில். ரயில் பெட்டிகளை நிறுத்திப் பழுது பார்க்கிற பணிமனைக்கு ஆரேயில் இடம் குறித்தார்கள். ரயில் ஓடினால் வண்டிகள் குறையும், புகை குறையும் என்றது மெட்ரோ நிர்வாகம். அதுவும் நியாயமான பேச்சுத்தான். வேறு இடம் பாருங்கள் என்றார்கள் மரங்களுக்காகப் போராடியவர்கள். 2019 ஆகஸ்டு மாதம் மர ஆணையம் 2,185 மரங்களை வெட்டவும், 461 மரங்களை வேரோடு எடுத்து வேறு இடத்தில் நடவும் ஒப்புக்கொண்டது. வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போயிற்று.

அக்டோபர் 4ஆம் தேதி, வெள்ளிக்கிழமை. மனுக்கள் எல்லாம் தள்ளுபடி என்று தீர்ப்பு வந்தது. அன்று ராத்திரியே இயந்திர ரம்பங்கள் ஆரேக்குள் போய்விட்டன. சேதி கேட்டு ஜனங்கள் ஓடினார்கள். 144 தடை உத்தரவு போட்டு, 29 பேரைக் கைது செய்தார்கள்.

“பதினைந்து நாள் எங்கே?” என்று கேட்டார்கள் போராடியவர்கள். அனுமதி உத்தரவு வெளியே வந்ததே இன்றைக்குத்தான், இன்றையிலிருந்துதான் நாள் எண்ணவேண்டும் என்பது அவர்கள் கட்சி. உத்தரவு செப்டம்பர் 13ஆம் தேதியே போட்டாயிற்று, 28ஆம் தேதியோடு பதினைந்து நாள் முடிந்துவிட்டது, தீர்ப்புக்காகத்தான் காத்திருந்தோம் என்பது மெட்ரோ நிர்வாகத்தின் கட்சி. பார்த்தீங்களா? சட்டத்தில் நாள் கணக்கு இருக்கிறது. ஆனால் எண்ணத் தொடங்குவது எப்போது? அதிகாரி கையெழுத்துப் போட்ட நாளா, ஜனங்களுக்குத் தெரியவந்த நாளா? அவகாசம் ஆட்சேபிப்பதற்கென்றால், தெரியாத உத்தரவை யார் ஆட்சேபிக்க முடியும்?

சட்ட மாணவர்கள் உச்ச நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதினார்கள். 7ஆம் தேதி திங்கட்கிழமை, விடுமுறைக் காலத்திலும் நீதிபதிகள் உட்கார்ந்தார்கள். இனி வெட்டக்கூடாது என்று உத்தரவாயிற்று. தேவையான மரங்களை ஏற்கெனவே வெட்டியாகிவிட்டது என்று அரசுத் தரப்பு சொன்னது. விழுந்த மரங்கள் 2,141. பயிர் கருகின பிறகு மடை திறந்த கதைதான்.

அதற்குப் பிறகு ஆட்சி மாறியது. பணிமனையை வேறு இடத்துக்குக் கொண்டுபோவோம் என்றார்கள். ஆரேயில் 800 ஏக்கர் அளவுக்கு ஒதுக்குக் காடு என்றும் 2020இல் அறிவித்தார்கள். 2022இல் மறுபடியும் ஆட்சி மாறி, பணிமனை ஆரேக்கே திரும்பியது. அந்த வருஷம் நவம்பரில், இன்னும் 84 மரங்களை வெட்ட மனுப் போட்டுக்கொள்ள உச்ச நீதிமன்றம் மெட்ரோவை அனுமதித்தது. மெட்ரோ நிர்வாகமோ 84க்கு மேலே கேட்டு, மர ஆணையமும் 177 மரங்களுக்குச் சம்மதம் கொடுத்துவிட்டது. 2023 ஏப்ரலில் நீதிமன்றம் இதைக் கண்டித்து, பத்து லட்சம் ரூபாய் கட்டச் சொன்னது. ஆனாலும் பொதுத் திட்டம் நின்றுபோகக்கூடாது என்று அந்த 177 மரங்களையும் எடுக்க விட்டுவிட்டது. 2024 அக்டோபரில் ஆரேயிலிருந்து முதல் ரயில் ஓடத் தொடங்கியது.

இதற்கிடையில் 2021இல் சட்டத்தையும் திருத்தினார்கள். ஐம்பது வயது தாண்டிய மரம் பாரம்பரிய மரம். ஒரு மரத்தை வெட்டினால் அதன் வயது எத்தனையோ அத்தனை கன்று நடவேண்டும். நல்ல விதிதான். ஆனால் அறுபது கன்று நட்டால் அறுபது வருஷத்து நிழல் மறுநாள் வந்துவிடாது என்பது தென்னம்பிள்ளை வைத்துக் காத்திருக்கிற உங்களுக்குத் தெரியாததா?

இது மகாராஷ்டிர நகரங்களுக்கான சட்டம். வேறு ஊருக்கு வேறு விதி இருக்கும். ஆனால் மரத்தைப் பற்றி எந்த உத்தரவு வந்தாலும் கேட்கவேண்டியவை இரண்டு: கையெழுத்துப் போட்ட தேதி என்ன, அது ஜனங்கள் கண்ணில் பட்ட தேதி என்ன? இந்த இரண்டுக்கும் நடுவிலேதான் ஆரேயின் பதினைந்து நாள் தொலைந்துபோனது.